நாற்பத்திரண்டாவது அடி

என் உயிர் மாப்ள ஏழுமலை,

நீ இருக்கிற இடத்தில் படிப்பதற்கு ஒற்றைக் கண்ணாவது திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உனக்குத்தான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உலகத்தைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டதே. கல்யாணப் பந்தியில்கூட ஒரு கண்ணை மூடி, இலை வரிசை எங்கே போய் ஒடுங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நீ. எதிரில் உட்கார்ந்திருந்த பெண், தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாய் என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். உன் மனைவி, அதாவது என் தங்கச்சி வளர்மதி, வீடு வந்து சேரும்வரை உன்னை வறுத்தெடுத்தாள்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்குத் தைரியம் வரவில்லை. போன மாதம் அதை வளர்மதியிடம் சொல்லிவிட்டேன். இனி உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

இதை நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. நாம் படம் வரையப் பழகிய நோட்டின் நகல் எங்கெங்கோ போயிருக்கிறது. அதை வைத்திருப்பவர்களும் படிக்க வேண்டும்.

முதலில் ஊர்ச் சேதி. உன் மகள் யாழினி எட்டாவது போய்விட்டாள். உன் ரசமட்டத்தை வீட்டில் இருக்கிற எல்லாவற்றின் மேலும் வைத்துப் பார்க்கிறாள். கட்டில் சாய்வாம், அடுப்புமேடை சாய்வாம், "எங்கப்பா கட்டின சொவரு மட்டும் நேரா இருக்குது மாமா" என்கிறாள். கரும்பு அரவை தொடங்கிவிட்டதால் மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால் அவ்வளவுதான், ஊர்ந்துகொண்டே போக வேண்டியிருக்கிறது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் என் ஜெராக்ஸ் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. நீ உட்காரும் ஸ்டூலில் வேறு யாராவது உட்கார்ந்தால் எனக்கு இன்னும் எரிச்சலாக வருகிறது. ஒரு வாடிக்கையாளரை எழுந்திருக்கச் சொல்லி வம்பாகிவிட்டது.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் நீ அன்றைக்குச் சொன்னாய். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டு வேலை உன் கையை விட்டுப் போயிருந்தது. நீ எத்தனை சுத்தமான மேஸ்திரி என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. வீடு முடிந்தால் முகப்பு எப்படி இருக்கும் என்று படத்தில் காட்டச் சொன்னார்கள். வேறொருவர் கம்ப்யூட்டரில் காட்டினார், வேலை அவருக்குப் போய்விட்டது.

"வூட்ட கட்டத் தெரியுது மச்சான். கட்றதுக்கு முன்னாடி காட்டத் தெரியல. நான் வரைஞ்சா வூடு சப்பையா அடிச்ச டின்னு மாரி இருக்குது."

யாரோ நகலெடுக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத ஓர் ஆங்கிலப் புத்தகம் என் மேசைக்கடியில் கிடந்தது. தூரத்தில் இருப்பது சிறுத்துப்போகிற மாதிரி தாளில் வரைவது எப்படி என்று சொல்கிற புத்தகம். நான் பன்னிரண்டாவது, நீ ஒன்பதாவது. நமக்கு இருந்த ஆங்கிலத்துக்கு அது அதிகப்படி. ஆனால் படங்கள் இருந்தன. ஒரு நீள நோட்டு வாங்கினோம். இடது பக்கம் எனக்கு. அகராதியை வைத்துக்கொண்டு புரிந்ததைத் தமிழில் எழுதுவேன். வலது பக்கம் உனக்கு. வேலை நடக்கிற இடத்தில் அதை வரைந்து பார்த்து, சரியாக வருகிறதா என்று எழுதுவாய். சனிக்கிழமை நோட்டு என் கடைக்கு வரும். திங்கட்கிழமை உன் சிமெண்ட் பைக்குள் போய்விடும்.

என் இடது பக்கத்தை நீ படித்துவிட்டு வலது பக்கத்தில் எழுதுவாயே, "மச்சான் சொன்னது தப்பு" என்று. அந்த வரி எத்தனை இடத்தில் இருக்கிறது தெரியுமா? எண்ணவில்லை. ஒரே ஓர் இடத்தில் நீ அதை எழுதாமல் விட்டாய். அந்த இடத்துக்கு வருகிறேன்.

கண்மட்டம் என்ற சொல் உன்னுடையது. உன் கண் இருக்கிற உயரத்தில் தாளின் குறுக்கே ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஒரு புள்ளி, எல்லாம் போய் ஒடுங்குகிற இடம். அதற்கு நான் மறைபுள்ளி என்று பேர் வைத்தேன். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் போனோம். பிளாட்பாரத்தின் கடைசியில் நின்று, இரண்டு தண்டவாளமும் ஒன்றாகிற இடத்தை இருவரும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தபோது ரயில்வே ஆள் ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ரொம்ப நேரமா தண்டவாளத்தையே பாத்துக்கினு இருக்கீங்களே, வூட்ல எதுனா சண்டையா?"

நீ சிரித்த சிரிப்பில் அவரே பயந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

தலைகளின் கதையும் உனக்கு ஞாபகம் இருக்கும். சமதரையில் நின்றால், உன் உயரம் இருக்கிற ஆள் பக்கத்தில் நின்றாலும் சரி, அரை மைல் தள்ளி நின்றாலும் சரி, அவர் தலை கண்மட்டக் கோட்டில்தான் முட்டும். கால்தான் மேலே ஏறி ஏறிச் சிறுத்துப்போகும். வாரச்சந்தையில் அதைப் பார்த்து நாம் இருவரும் வாயைப் பிளந்தோம். அதற்குப் பிறகு நீ வரைந்த எல்லா வீட்டுக்கு முன்னாலும் உன் உயரத்தில் ஓர் ஆளை நிறுத்துவாய், அளவுக்கு. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, முகம் இல்லாமல் நிற்பான்.

நூல் உன் கண்டுபிடிப்பு. கையை நீட்டிப் பென்சிலால் தூணை அளந்தால், கை ஒரு தடவை நீளும், ஒரு தடவை மடங்கும், அளவு மாறும். நீ மட்டம் பார்க்கிற நைலான் நூலில் ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையைப் பென்சிலில் கட்டி, மறுமுனையில் முடிச்சுப் போட்டுப் பல்லில் கடித்துக்கொண்டாய். நூல் விறைப்பாக நிற்கும்வரை பென்சிலைத் தள்ளினால் எப்போதும் ஒரே தூரம். இருபது அங்குலம். பென்சிலில் தெரிகிற அளவை அப்படியே தாளில் வைப்பாய். சரியாக வந்தது. நானே மேசையில் குத்திச் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கே இடது பக்கத்தில் மூன்று வரி எழுதினேன்.

நூல் இருபது அங்குலம். நூலை மாற்றாதே. படம் தாளுக்குள் அடங்கவில்லையென்றால் நீ பின்னால் போ.

இதன் எதிரில் வலது பக்கத்தில் "சரி" என்று எழுதியிருக்கிறாய். அதோடு நிற்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் அந்த நோட்டை நகலெடுத்துக் கொடுத்தோம். உன் கூட்டாளி மேஸ்திரிகள், போர்டு எழுதுகிறவர், டிராயிங் பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள். நம் கையெழுத்து ஊர் ஊராகப் போகிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைய காலையைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வாய்க்கவில்லை. வளர்மதி சொன்னாள். யாழினிக்குக் காய்ச்சல். நீ வெள்ளிமலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். மலைமேல் வெள்ளையன் என்பவருக்கு நீ கட்டிக்கொண்டிருந்த வீடு. முன்பக்கத்துப் பத்தடித் தூண் நாலும் எழும்பியிருந்தன, கூரை பாக்கி. கூரையோடு பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவர் கேட்டிருந்தார். அன்றைக்கு வேலையாட்கள் லீவு. தனியாக இருந்து நிதானமாக வரையலாம் என்று நீ துடித்துக்கொண்டிருந்தாய். இன்றைக்குப் போக வேண்டாம் என்றாள் வளர்மதி. நீ சட்டையை மாட்டினாய். தெருவே கேட்கும்படி அவள் கத்தினாள்.

"போங்க, அந்தப் படத்தையே கட்டிக்கினு அழுங்க. இனிமே இந்த வூட்டுக்கு வராதீங்க!"

நீ வரவில்லை.

அந்த வீட்டுக்கு முன்னால் சமன் செய்திருந்த தரையின் விளிம்புக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் உன்னை எடுத்தார்கள். ஊர் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? காலையில் சண்டை, மத்தியானம் சாவு. அதுவும் அந்தச் சரிவை வெட்டி மட்டம் பார்த்துத் தரை சமன் செய்தவனே நீ. "அந்த வெளிம்பு எங்க கீதுன்னு அவனுக்குத் தெரியாதா? கண்ணக் கட்டி விட்டாக்கூட தெரியும்" என்றார்கள். நியாயமாகத்தான் இருந்தது அவர்கள் பேச்சு. வளர்மதி உன் கால்மாட்டில் உட்கார்ந்து தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "இந்த வாய்தாண்ணா, இந்த வாய்தான் அவர தள்ளிச்சு" என்று. கையைப் பிடித்து இழுக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

இப்போது சொல்கிறேன், மாப்ள. அப்போதே எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கொடுப்பதற்கு முன் அங்கே வேலை செய்கிற ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். உன் மோதிரம், உடைந்த போன், ஒரு நூல். பென்சில் இல்லை, நூல் மட்டும்.

"வாய்க்குள்ள இருந்துச்சுங்க. பல்லு கிட்டிப்போயிருந்துது. வெளிய எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. இன்னாங்க இது?"

"தெரியலீங்க" என்றேன்.

அந்த ஆள் வெளியே யாரிடமோ சொல்லியிருக்கிறார். மலையில் ஏதோ ஒன்று உன் வாயைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று அடுத்த நாளே பேச்சு. அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். நூல் என் சட்டைப்பையில் இருந்தது. பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு யாராவது குதிப்பார்களா? நீ வரைந்துகொண்டிருந்தாய். பின்னால் போயிருக்கிறாய். ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் போகச் சொல்லி எழுதியவன் நான். நூலை வெளியே எடுத்தால் அந்த வரியும் வெளியே வரும். வாயை மூடிக்கொண்டேன். என் தங்கச்சி தினமும் விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருக்கிறாள் என்று யாழினி சொல்வாள். கேட்டுக்கொண்டு போய்க் கடையைத் திறப்பேன்.

இப்படியே இருந்துவிட்டிருப்பேன். ஆறு மாதத்துக்கு முன் வெள்ளையன் கடைக்கு வந்தார். கையில் சிமெண்ட் சாக்கில் சுற்றிய ஒரு பலகை. நீ தாளை கிளிப் போட்டு மாட்டுகிற பலகை.

"அவர எடுத்த மறுநாளே பொதருக்குள்ள பாத்தேங்க. போலீசு, கேசுன்னு பயந்துக்கினு பரண்ல போட்டுட்டேன். இப்ப வச்சிக்க முடியலீங்க. வூட்ல யாரோ நின்னுக்கினே இருக்கற மாரி இருக்குது. எங்க வூட்டுப் பொம்பளைங்க அந்தப் பக்கமே போறதில்ல."

"வெறும் படம்தானே?"

"அதுல ஒரு ஆளு நிக்கிறாருங்க. அன்னிக்கு அங்க யாருமே இல்ல. நான் சத்தியமா சொல்றேன்."

அளவுக்குப் போடுகிற ஆள் அது என்று அவருக்கு விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். பலகையைத் திரும்பத் தொடாமல் போய்விட்டார்.

சாக்கைப் பிரித்தேன். வெள்ளையன் வீடு. மூன்று தூண் முழுசாக, நாலாவது தூண் தாளின் ஓரத்தில் பாதி. தூண்களுக்கு முன்னால், தரையில், தலை கண்மட்டக் கோட்டில் முட்ட உன் ஆள் நின்றான். மாப்ள, நீ வரைந்த எல்லா ஆளும் கையைத் தொங்கவிட்டுத்தான் நிற்பான். இவன் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கியிருந்தான், உள்ளங்கை நம்மைப் பார்த்து. ஏன் அப்படிப் போட்டாய்? கூரையின் உயரத்தைக் காட்டவா? நான் அந்தத் தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கடையில் வேறு வேலை பார்த்தேன்.

மறுநாள் ஸ்கேலை எடுத்தேன். நீ அழித்துவிட்டு மேலே வரைந்திருந்தாய், ஆனால் அழுத்தி வரைகிற கை உன்னுடையது. அழித்த கோட்டின் தடம் தாளில் பள்ளமாக நின்றது. முதல் தூண் மூன்று தடவை வரையப்பட்டிருந்தது. முதலில் ஆறு அங்குல உயரம், பிறகு ஐந்து, பிறகு நாலே முக்கால்.

இருபது அங்குல நூல், தாளில் ஐந்து அங்குலம். அப்படியென்றால் நின்ற தூரம் தூணின் உயரத்தைப் போல நாலு மடங்கு. பத்தடித் தூண், நாற்பதடி. இந்தக் கணக்கை நாமே வலது பக்கத்தில் போட்டுப் பழகியிருக்கிறோம். ஆறு அங்குலத்துக்கு முப்பத்துமூன்று அடி. நாலே முக்காலுக்கு நாற்பத்திரண்டு. நீ ஒவ்வொரு தடவையும் எங்கே நின்றாய் என்பதைத் தாளே சொல்லிக்கொண்டிருந்தது, நீ என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி.

டேப்பை எடுத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். வீடு நீ விட்டபடியே இருக்கிறது. வெள்ளையன் வேறு யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வருவதற்கு ஆள் இல்லை. நல்ல வெயில், பத்து மணி இருக்கும். நாலு தூண் நடுவில் காற்று போகிற சத்தம் மட்டும்.

முதல் தூணிலிருந்து, படத்தில் தெரிகிற கோணத்தில் டேப்பை இழுத்தேன். முப்பத்துமூன்றில் ஒரு கல் வைத்தேன். நாற்பதில் ஒன்று. நாற்பத்திரண்டில் வைத்த கல் பாதி தரையிலும் பாதி விளிம்பை மூடியிருந்த உண்ணிப்புதர் மேலுமாக நின்று, கையை எடுத்ததும் உள்ளே போனது. அது கீழே விழுந்த சத்தம் வரக் கொஞ்சம் நேரம் ஆனது.

நான் நாற்பதில் போய் நின்றேன். உன் நூலில் ஒரு பென்சிலைக் கட்டினேன். உன் பல் தடம் இருந்த அதே முடிச்சைக் கடித்து, ஒரு கண்ணை மூடிப் படத்தையும் வீட்டையும் மாறிமாறிப் பார்த்தேன். தலையைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. ஓர் இடத்தில் தூணின்மேல் தூண் வந்து உட்கார்ந்தது. அந்த இடத்தில்தான் உன் கண் இருந்திருக்கிறது. இப்போது என் கண் இருந்தது. வாயில் இருக்கிற எச்சில் என்னுடையதா என்று எனக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது, சிரிக்காதே.

எல்லாம் பொருந்தியது, நாலாவது தூணைத் தவிர. அதில் பாதி தாளுக்கு வெளியே இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்தான். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதரின் முள் கணுக்காலில் குத்தியதும் குனிந்தேன். நான் வைத்த நாற்பதடிக் கல் எனக்கு முன்னால் கிடந்தது. நடந்த ஞாபகம் எனக்கு இல்லை.

தவழ்ந்துதான் தூணடிக்குப் போனேன். அங்கே உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நூல் இருபது என்றால் தூண் ஐந்து அங்குலம். நூல் பதினாறு என்றால்? அதே இடத்தில் நின்றாலே தூண் நாலு அங்குலம். நாலு தூணும் தாளுக்குள் வந்திருக்கும், கூரையும் வந்திருக்கும். பின்னால் போகவே தேவையில்லை. படம் முழுக்க ஒரே நூல் இருந்தால் போதும். அது இருபதாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நீ நூலைக் கட்டினாய், நான் அதைச் சட்டமாக்கினேன். நூலில் இன்னொரு முடிச்சு, மாப்ள. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இந்த ஒரு வரிக்கு எதிரில் "மச்சான் சொன்னது தப்பு" என்று ஏன் எழுதாமல் விட்டாய்?

இதற்குப் பிறகும் வளர்மதியிடம் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆனது. நான் எப்பேர்ப்பட்ட கோழை என்று பார்த்துக்கொள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டு, படம், நூல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள். முடித்ததும் நூலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது ரெண்டு வருஷமா உங்கிட்ட இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"என்ன அங்க கூட்டிக்கினு போ."

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்வரை அவள் நோட்டின் வலது பக்கங்களை மட்டும் படித்துக்கொண்டு வந்தாள். அந்த இடத்துக்கு இதுவரை அவள் போனதில்லை. போனதும் நூலைக் கேட்டாள். எப்படிக் கடிப்பது, எந்தக் கண்ணை மூடுவது என்று கேட்டுக்கொண்டாள். நான் நாற்பத்திரண்டாவது அடியில், விளிம்புக்கு முன்னால் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் புதரின் வேரைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் நாற்பதடிக் கல்லருகே, என் முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். பலகையை உயர்த்தினாள், தாழ்த்தினாள்.

"இது யாரு?"

"அளவுக்குப் போடற ஆளும்மா. எல்லாப் படத்துலயும் போடுவான்."

"கையத் தூக்கிக்கினு நிக்கிறாரே."

அவள் கால்களைத் தாண்டித் தூண்களுக்கு முன்னால் பார்த்தேன். வெறும் தரை. ஆனால் அங்கே ஒருவன் நின்றிருந்தால் உன் முகத்தையும் உன் முதுகுக்குப் பின்னால் இருப்பதையும் ஒன்றாகப் பார்த்திருப்பான் என்று தோன்றியது. அதற்குமேல் யோசிக்க நான் விரும்பவில்லை.

அப்போது வளர்மதி நூலைக் கடித்தபடியே பேசினாள். பல்லுக்கு நடுவிலிருந்து வந்த குரல் அவளுடையதாகவே இல்லை. நீ வரையும்போது பேசுகிற குரல் அது.

"பத்தலண்ணா. நாலாவது தூணு வரல. இன்னும் கொஞ்சம் பின்னால போவணும்."

அவள் குதிகால் என் முட்டியில் வந்து இடித்தது. நின்றாள். குனிந்து பார்த்தாள், என்னை, தன் காலை, எட்டிப்போயிருந்த நாற்பதடிக் கல்லை. நூல் வாயிலிருந்து நழுவியது.

"நானா நவுந்தேன்?"

"ஆமாம்மா."

"நான் நவுரவே இல்லியே."

என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னத மனசுல வச்சிருந்தா கால் இப்புடி தானா போவாது. அந்தத் தூண மட்டும்தான் நெனச்சிக்கினு இருந்தாரு. என்ன நெனைக்கவே இல்ல."

இதைவிடப் பெரிய நிம்மதி எதுவும் ஒரு மனுஷிக்கு இருக்க முடியுமா என்பதுபோல அதை இன்னொரு தடவை சொன்னாள், என்ன நெனைக்கவே இல்ல என்று. பிறகு என் பக்கம் திரும்பினாள். நோட்டில் நான் எழுதிய வரியைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் அதைத் தொடவே இல்லை.

"எழுதுனது தெரியாம எழுதுன. ஆஸ்பத்திரியில இந்த நூல கையில வாங்கினியே, அன்னிக்குத் தெரியும் இல்ல? ரெண்டு வருஷம்ண்ணா. ஒவ்வொரு வேளையும் இந்த வாயாலதான் அவரக் கொன்னேன்னு நெனச்சிக்கினே இதுக்குள்ள சோத்தப் போட்டேன். நீ எதிர்ல உக்காந்து பாத்துக்கினு இருந்த."

பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். கள்ளக்குறிச்சியில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நான் போனால் உள்ளே எழுந்து போய்விடுகிறாள். தெருவில் எல்லோரிடமும், அவர் வரையும்போது தவறி விழுந்தார் என்று தானே போய்ச் சொல்லியிருக்கிறாள். யார் எழுதிய வரி என்று மட்டும் சொல்லவில்லை. அதைத்தான் நான் இங்கே சொல்கிறேன்.

நோட்டின் நகல் வாங்கினவர்களில் எனக்கு நினைவிருக்கிறவர்களின் வீடு வீடாகப் போய், அந்த மூன்று வரியை அடித்து, நூலைச் சுருக்கு, கால் இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று என் கையாலேயே எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறேன். எனக்குத் தெரியாமல் நகலுக்கு நகல் எடுத்தவர்கள் இதைப் படித்தால் அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.

போன வாரம் யாழினி ஸ்கூல் விட்டுக் கடைப்பக்கம் வந்தாள். உன் ஸ்டூலில்தான் உட்கார்ந்தாள், அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

"மாமா, அம்மா உங்கமேல ரொம்ப கோவமா இருக்குது. பேரு சொன்னாலே திட்டுது" என்றாள். பிறகு, ரகசியம் சொல்கிற மாதிரி, "ஆனா இப்பல்லாம் தூங்குது மாமா. நான் ஸ்கூலுக்குக் கெளம்பறப்பகூட எழுந்திருக்க மாட்டேங்குது. நானே ஜடை பின்னிக்கினு வரேன்" என்றாள். கோணலாகத்தான் பின்னியிருந்தாள்.

மாப்ள, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எனக்கு மனசு தாங்கவில்லை என்பதற்காக அவள் வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டு, அவள் தூக்கத்தைக் கெடுக்கமாட்டேன். தன்மேல் இருந்த கோபத்தை இறக்கி என்மேல் வைத்துவிட்டுத்தான் அவளால் கண்ணை மூட முடிகிறது என்றால், அது என்மேலேயே இருக்கட்டும். அவளாக எடுத்துக்கொள்ளும்வரை நான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வளர்மதிக்கு இப்போதைக்கு அண்ணன் இல்லாத,
உனக்கு என்றைக்கும் மச்சானாக இருக்கிற
கலியமூர்த்தி